அந்த வருடத்துப் பார்பெரா

கெல்லி ஓடை, வடகிழக்கு விக்டோரியா
20 பிப்ரவரி 2003

அன்புள்ள மெரில்,

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், வீடு இருக்கிறது, திராட்சைக் கொடிகளும் நிற்கின்றன. தீ மலையின் அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால், நேற்றுவரை நின்றிருந்தது. காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க மணிக்கு ஒரு தரம் வெளியே போய் வருகிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் புகை இறங்கி ஆறு வாரம் ஆகிறது. துவைத்த துணியை வீட்டுக்குள்ளேயே காயப் போடுகிறேன். கோழிகள் பகலிலேயே கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகின்றன. ரெனாட்டோ ஊர்த் தீயணைப்பு வண்டியோடு போய் வந்துகொண்டிருக்கிறான். நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவன், முள்கரண்டியைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டான். எழுப்ப மனம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், நம்மோடு படித்தபோது, கல்லூரியில் கடைசி பெஞ்சில் தூங்குவானே, அதே முகம்.

பழம் நிறம் மாறத் தொடங்கிவிட்டது. இந்த வருடம்தான் ஒயின் கம்பெனிக்குத் திராட்சை விற்பதை நிறுத்தினோம் என்பது உனக்குத் தெரியும். பதினெட்டு வருடம், வீட்டுக்கென்று ஒரு பீப்பாய் போக, அவர்கள் லாரியில் ஏற்றி அனுப்பிய பழத்தை, முதல் முறையாக முழுவதும் நாங்களே ஒயினாக்கி எங்கள் பெயரில் விற்கப் போகிறோம். இதற்கென்றே இந்தப் புகை காத்திருந்ததா என்று தோன்றுகிறது.

நீ ஏன் போனை எடுப்பதில்லை? மூன்று முறை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டால் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

உன்,
ஒர்னெல்லா


கோபர்க், மெல்போர்ன்
1 மார்ச் 2003

அன்புள்ள ஒர்னெல்லா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று பிரித்துப் படித்தேன். தினமும் செய்தியில் உங்கள் மலையைக் காட்டும்போதெல்லாம் வீட்டுக் கூரை தெரிகிறதா என்று திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கிறேன்.

போன் விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதே. போன குளிர்காலத்தில் பிடித்த சளி என்னை விட்டு முழுதாகப் போகவில்லை, பேசினால் இருமல் வருகிறது. கடிதம் என்றால் இருமாமல் பேசலாம்.

இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்திரிகையில் என் சனிக்கிழமை ஒயின் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரம் ஆறு சிவப்பு ஒயின், எல்லாம் சின்னத் தோட்டக்காரர்களுடையவை. மீனுக்கு எது, ஆட்டுக்கறிக்கு எது என்று கேட்டு வாசகர்கள் எழுதுகிறார்கள். ஒருவர் தன் மனைவியோடு சமாதானமாக எந்த ஒயின் நல்லது என்று கேட்டிருந்தார். தண்ணீர் என்று பதில் எழுதினேன்.

ரெனாட்டோவைப் பத்திரமாக இருக்கச் சொல். நீயும் கொஞ்சம் தூங்கு.

அன்புடன்,
மெரில்


கெல்லி ஓடை
8 ஜூன் 2003

அன்புள்ள மெரில்,

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறிய பாட்டில் வருகிறது. வைக்கோலில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். எங்கள் பார்பெராத் திராட்சையின் இந்த வருடத்து ஒயின், பீப்பாயிலிருந்து நேராக எடுத்தது. வழக்கம்போல முதல் வாய் உனக்குத்தான். ஆனால் இந்த முறை கேட்பது வழக்கமான கேள்வி இல்லை.

பழத்தைப் பறிக்கும்போது தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது. தீ அணைந்து மூன்று வாரம் கழித்துத்தான் பறித்தோம், இலையையெல்லாம் மழை கழுவியிருந்தது. நொதித்தபோதும் தப்பாக எதுவும் தெரியவில்லை. பீப்பாயில் போட்டு ஒரு மாதம் ஆன பிறகுதான், புகை பழத்தில் ஏறியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கோப்பையை முகர்ந்தால் ஒன்றும் இல்லை. வாயில் வைத்தாலும் ஒன்றும் இல்லை. விழுங்கின பிறகு, ஐந்தாறு எண்ணுவதற்குள், தொண்டையின் பின்னாலிருந்து ஏதோ எழும்பி வருகிறது. அணைந்த அடுப்பைக் கிளறின மாதிரி.

ஆனால் மெரில், எனக்கு ரொட்டியிலும் அதே வாசனை வருகிறது. தலையணையில் வருகிறது. குளித்துவிட்டு வந்த ரெனாட்டோவின் கழுத்தில் வருகிறது. போதாததற்கு எங்கள் பீப்பாய்கள் இருப்பது இவன் அப்பா புகையிலை உலர்த்திய கொட்டகையில். எது ஒயினில் இருக்கிறது, எது சுவரில் இருக்கிறது, எது என் மூக்கில் இருக்கிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

யாரைக் கேட்பது? இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அதே புகையைத்தான் குடித்தோம். பக்கத்துத் தோட்டத்து ஜீனோ வந்து குடித்துவிட்டு, "அட, அருமையா இருக்குடி! நீ சும்மா பயந்து சாவுற" என்றான். ஆனால் தன் பழத்தைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டவனும் அவன்தான். கேட்டால், "எனக்கு முதுகு வலி, குனிய முடியல" என்கிறான். ரெனாட்டோவுக்கு ஊற்றிக் கொடுத்தால் குடிக்கிறான், கோப்பையைக் கழுவி வைக்கிறான், போய்விடுகிறான். ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினேன், பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகுமாம். பாட்டிலில் அடைக்கும் லாரி இந்தப் பக்கம் வருவது ஜூலை 22. அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

நாம் ஒயின் செய்யப் படித்த வாகா கல்லூரியில் ஆசிரியர் கோப்பைகளை மாற்றி மாற்றி வைத்தும், எது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொன்ன மூக்கு உன்னுடையது. அதில் சாம்பல் இருக்கிறதா, இல்லையா? தயவு தாட்சண்யம் பார்க்காதே. போன வருடம், "இது ஒயின் இல்லை, ஜாம், ரொட்டியில் தடவிச் சாப்பிடு" என்று எழுதினாயே, அந்த மெரில் எனக்கு வேண்டும்.

நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

ஒர்னெல்லா


கோபர்க்
15 ஜூன் 2003

அன்புள்ள ஒர்னெல்லா,

பாட்டில் பத்திரமாக வந்தது. இரண்டு நாள் வைத்திருந்து, இரண்டு நாளும் குடித்துப் பார்த்தேன்.

நல்ல ஆழமான நிறம். கோப்பையைச் சாய்த்தால் ஓரத்தில் ஊதா ஓடுகிறது. புளிப்பு நிமிர்ந்து நிற்கிறது, பார்பெராவுக்கு அதுதான் அழகு. துவர்ப்பு மெல்லியது, நாக்கில் மாவு மாதிரி படிந்து உடனே விலகிவிடுகிறது. வாய் நிறையும் கனம். போன வருடத்தைவிடக் கட்டுக்கோப்பாகச் செய்திருக்கிறாய்.

ஆறு வாரம் புகையில் இருந்த மூக்கை நம்பாதே. அதற்கு ஓய்வு கொடு. கடற்கரைப் பக்கம் உன் அக்கா வீட்டில் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வா. நீ பயந்துபோயிருக்கிறாய், அவ்வளவுதான். யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள்.

லாரிக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
மெரில்


கெல்லி ஓடை
2 ஜூலை 2003

அன்புள்ள மெரில்,

லாரிக்குச் சொல்லிவிட்டேன். லேபிளும் அச்சுக்குப் போய்விட்டது. "பெரின்" என்று எங்கள் குடும்பப் பெயர், கீழே மலையின் கோடு. பூ, பறவை ஒன்றும் வேண்டாம் என்று ரெனாட்டோ சொல்லிவிட்டான்.

உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சமையலறையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அவ்ளோதானா?" என்றான்.

"அவ்ளோதான். வேற என்ன எழுதணும்? மகாகாவியமா?"

"இல்ல, மெரில் இப்படி எழுத மாட்டாளே. திட்டவே இல்லையே."

"நல்லா இருந்தா எதுக்குத் திட்டணும்?"

அவன் மறுபடி கத்தியைத் தீட்டப் போய்விட்டான். எனக்கும் உன் திட்டு இல்லாதது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. வயதாகி உனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. கொடி வெட்டும் காலம், எங்கே போவது? ஆனால் பத்து நாளாக ஒயினைத் தொடவில்லை. நீ சொன்னபடி மூக்குக்கு ஓய்வு.

உன் இருமல் எப்படி இருக்கிறது? இன்னுமா போகவில்லை? டாக்டரைப் பார்த்தாயா?

ஒர்னெல்லா


கோபர்க்
6 செப்டம்பர் 2003

அன்புள்ள ஒர்னெல்லா,

இன்றைய பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். உங்கள் ஒயினுக்கு முதல் இடம். நண்பர்களுடைய ஒயினைப் பற்றி எழுதுவதில்லை என்று எட்டு வருடமாக வைத்திருந்த விதியை இதற்காக மீறினேன். இந்த வருடம் உங்களுக்கு யாராவது கை கொடுக்க வேண்டும், அது நானாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எழுதியது இதுதான்: "தீயைத் தாண்டி வந்த பழம். கறுப்புச் செர்ரி, அதன் பின்னால் ஒரு கீற்றுச் சோம்பு, மழைக்குப் பிந்தைய மண். சிவப்பு இறைச்சிக்கு இழுத்துப் பிடித்த புளிப்பு. அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று வாங்குங்கள்."

உனக்குப் பிடித்திருக்கிறதா? உடனே எழுது. ஏனோ இந்த முறை உன் பதிலுக்காக மனம் அடித்துக்கொள்கிறது.

மெரில்


கெல்லி ஓடை
12 அக்டோபர் 2003

மெரில்,

நீ எழுதிய பிறகு மூன்று வாரம் கார்கள் வந்தபடி இருந்தன. நானும் ரெனாட்டோவும் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, கொட்டகை வாசலில் மேசை போட்டு ஊற்றிக் கொடுத்தோம். வாங்கிப் போனார்கள். சிலர் குடித்துவிட்டு மரியாதைக்கு ஒரு பாட்டில் மட்டும் எடுத்தார்கள். அதை நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜீலாங்கிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கார் நாலு மணி நேரம் ஓடி வந்திருக்கிறது. அந்த அம்மா உன் பத்திரிகைத் துண்டைக் கைப்பையில் மடித்து வைத்திருந்தார். ஏற்கெனவே ஒருவர் மூலம் ஒரு பெட்டி வாங்கி, மகளின் நிச்சயதார்த்த விருந்தில் திறந்தார்களாம். மீதிப் பாட்டில்களைக் காரிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சண்டை போட வரல. எங்களுக்கு ஒயினைப் பத்திப் பெருசா ஒண்ணும் தெரியாது. ஆனா எழுதினதுல செர்ரின்னு போட்டிருக்கு. எங்களுக்குச் சிகரெட் சாம்பல் கிண்ணத்தைக் கழுவின தண்ணி மாதிரி இருந்துச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க கோப்பையைக் கீழ வச்சுட்டாங்க. ஒருவேளை எங்க பெட்டி மட்டும் கெட்டுப்போச்சோ?"

அவர் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடு, விடு, வா போலாம்" என்று அவர் கையை இழுத்தார்.

நான் வேறு பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் திறந்து ஊற்றினேன். அவர் ஒரு வாய் குடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதில் அவர் முகம் சுருங்கியது. "ஐயோ, இதுவும்தாம்மா" என்றார், என்னவோ அவர்தான் தப்புச் செய்த மாதிரி.

பிறகு நானும் குடித்தேன். இப்போது என் மூக்கில் புகை இல்லை, மெரில். ரொட்டி ரொட்டி மாதிரி மணக்கிறது. ஒயினில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் கீற்றாக இருந்தது இப்போது வாயை நிறைக்கிறது. ஆய்வகத்தின் பதிலும் அதையேதான் சொல்கிறது, நாள் போகப் போக இன்னும் கூடுமாம்.

மெல்போர்னில் ஒரு கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஊரில் ஜீனோகூட என் கண்ணைப் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் சொல். நான் அனுப்பிய பாட்டிலைத் திறந்தாயா? நிஜமாகவே குடித்தாயா? செர்ரி, சோம்பு, மழை மண் என்று எழுதினாயே. 2001 பார்பெராவுக்கு நீ எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதே மூன்று, அதே வரிசையில் இருக்கின்றன.

ஒர்னெல்லா


கோபர்க்
17 அக்டோபர் 2003

ஒர்னெல்லா,

குடித்தேன். இரண்டு நாளும் குடித்தேன். அது பொய் இல்லை.

எனக்கு வாசனை தெரியாது. போன வருடம் ஜூலையில் வந்த சளி போன பிறகு மூக்கு திரும்பி வரவில்லை. முதல் மாதம் அடைப்பு என்று நினைத்தேன். இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் வரலாம் என்றார், இன்னொருவர் வராது என்றார். இருமல் என்று உனக்குச் சொன்னதெல்லாம் போனில் நீ என்னைக் கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயம். "இன்னிக்கு என்ன சமைச்ச, எப்படி மணக்குது" என்று நீ கேட்பாய். நான் என்ன சொல்வேன்?

நாக்கு வேலை செய்கிறது. புளிப்பு, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு தெரியும். அதற்கு மேல் எல்லா ஒயினும் எனக்கு ஒன்றுதான். சுவை பார்க்கும் கூட்டங்களில் மற்றவர்களுக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் முணுமுணுப்பதைக் கேட்பேன். வீட்டில் பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, அந்தத் தோட்டம் முந்தைய வருடம் எப்படி மணந்தது என்று பார்த்து எழுதுவேன். பதினான்கு மாதம் இப்படி ஓடியது. யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அப்படியானால் இத்தனை வருடம் நான் எழுதியது எதற்கு என்று.

மார்ச்சில் ஒரு நாள் பால் காய்ச்ச காஸ் அடுப்பைத் திருகினேன், பற்றவைக்க மறந்துவிட்டேன். அப்படியே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அய்லின் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். "உனக்கு நாத்தமே வரலையா? பைத்தியமா நீ?" என்று கத்தினாள். வரவில்லை என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை. தூங்கிவிட்டேன் என்றேன்.

உன் பாட்டில் வந்தபோது உண்மையைச் சொல்லக் காகிதத்தை எடுத்தேன். "நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்" என்று நீ எழுதியிருந்தாய். மூக்கு இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரிக்குப் பிறகு நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உன் மூக்கைக் குறை சொன்னேன். நல்ல மூக்கு உன்னுடையது. அதை நம்பாதே என்று நான் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ சொல், நான் என்ன செய்யட்டும்?

மெரில்


கோபர்க்
15 நவம்பர் 2003

ஒர்னெல்லா,

ஒரு மாதம் ஆகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தினமும் தபால்காரரின் மோட்டார் சைக்கிளுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதோடு இன்றைய பக்கம் இருக்கிறது. கடைசிப் பக்கம். ஒயின் எதையும் பரிந்துரைக்கவில்லை. எனக்கு முகரத் தெரியாது என்பதையும், எப்போதிலிருந்து என்பதையும், கெல்லி ஓடைப் பார்பெராவைப் பற்றி நான் எழுதியது என் பழைய குறிப்பேட்டிலிருந்து எடுத்தது என்பதையும் எழுதியிருக்கிறேன். தோட்டக்காரி என்னிடம் நேர்மையாகக் கேட்டாள், நான்தான் பொய் சொன்னேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஆசிரியர் அந்த வரியை வெட்டப் பார்த்தார், விடவில்லை.

வேலை போய்விட்டது. அதைப் புகாராகச் சொல்லவில்லை. வாசகர்கள் எழுதுகிறார்கள், பெரும்பாலும் திட்டித்தான். மனைவியோடு சமாதானமாக ஒயின் கேட்டவரும் எழுதியிருந்தார், நான் சொன்ன தண்ணீர் மட்டும்தான் சரியான பரிந்துரையாம்.

ரெனாட்டோ எப்படி இருக்கிறான்? நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி போதும். திட்டி எழுது.

மெரில்


கெல்லி ஓடை
1 பிப்ரவரி 2004

மெரில்,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பத்திரிகைத் துண்டும் வந்தது. பதில் எழுத முடியாத அளவுக்கு வேலை இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், ஆனால் பாதி உண்மை. ஒயின் முழுவதையும் வடிசாலைக்காரர்கள் சாராயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பாட்டிலோடு எடுக்க மாட்டார்களாம். நானும் ரெனாட்டோவும் ஒவ்வொரு தக்கையாகப் பிடுங்கித் தொட்டியில் ஊற்றினோம். பதினோரு நாள். என் வலது மணிக்கட்டு இன்னும் திரும்ப மாட்டேன் என்கிறது.

நாலாவது நாள் என்று நினைக்கிறேன், ரெனாட்டோ தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, "அவள நான் மன்னிக்க மாட்டேன், சொல்லிட்டேன். நீ வேணா மன்னிச்சுக்கோ" என்றான். நான் அடுத்த தக்கையைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஆனா நமக்குத் தெரியாதா ஒர்னே?" என்றான்.

அதைத்தான் உனக்கு எழுத வேண்டும். மூன்று மாதமாக அதைத்தான் எழுத முடியவில்லை.

ஜூனில் வந்த உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அதில் நிறம் இருந்தது, புளிப்பு இருந்தது, துவர்ப்பு இருந்தது. வாசனை என்று ஒரு சொல்கூட இல்லை. முப்பது வருடமாக உன் கடிதங்களைப் படிக்கிறவள் நான். நீ ஒரு கோப்பையைப் பற்றி எழுதினால் பாதிப் பக்கம் மணம்தான் இருக்கும். எனக்குப் பட்டது. உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அப்போதே பட்டது. ரெனாட்டோவும், "அவ கோப்பைய மோந்தே பாக்கல போலிருக்கு" என்றான். உன்னிடம் சொன்ன அந்தக் கத்தி தீட்டும் பேச்சில் இதை மட்டும் விட்டுவிட்டேன். நான் அவனை, "வாய மூடு" என்றேன்.

ஏனென்றால் எனக்கு வேண்டிய பதில் என் கையில் இருந்தது. லாரிக்குச் சொல் என்று எழுதியிருந்தது. உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால் அந்தப் பதில் கையை விட்டுப் போயிருக்கும். பத்து நாள் மூக்குக்கு ஓய்வு கொடுத்தேன் என்று எழுதினேனே, ஓய்வு இல்லை அது. மறுபடி குடித்தால் தெரிந்துவிடும் என்ற பயம். நீ அடுப்பைத் திறந்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாய். நான் இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இதனால் நீ செய்தது சின்னதாகிவிடாது. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது உன்னோடு சண்டை போடுகிறேன், சத்தமாக. ரெனாட்டோ வெளியே நின்று, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்கிறான்.

ஜீலாங் தம்பதிக்கு எழுதினேன். அந்த அம்மா பதில் போட்டிருக்கிறார், கல்யாணம் ஏப்ரலில் என்று, வரச் சொல்லி. போகலாமா என்று யோசிக்கிறோம். இந்த வருடப் பழத்தைக் கம்பெனிக்கே பேசிவிட்டோம், மேல் சரிவின் நாலு வரிசையைத் தவிர. வானம் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் மணிக்கு ஒரு தரம் வெளியே போய்ப் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த காஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின்சார அடுப்பு வை. இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ரெனாட்டோ தன் தம்பி வீட்டுக்குப் போகிறான். உன்னைப் பார்க்க அவனால் இப்போது முடியாது, அவனைக் கட்டாயப்படுத்த என்னாலும் முடியாது. காலை ரயிலில் வாங்கரட்டாவுக்கு வா. நான் ஸ்டேஷனுக்கு வெளியே காரோடு நிற்பேன். அங்கிருந்து வீட்டுக்கு ஐம்பது நிமிடம். ஐம்பது நிமிடமும் நான் உன்னைத் திட்டுவேன், நீ குறுக்கே பேசக் கூடாது. வீடு வந்ததும் நிறுத்திவிடுகிறேன். பிறகு நீ பேசு.

ஒர்னெல்லா